ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்

சேலையூர்க் குடியிருப்பில் அச்சுதனின் பெரிய மின்சாரக் காரும் சாலமனின் சின்ன மின்சாரக் காரும் அடுத்தடுத்து நின்றன. அச்சுதன் ஐடி கம்பெனியில் மேலாளர். சாலமன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எந்த வண்டி சிக்கனம் என்பதில் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம்.

"கார் கம்பெனிக்காரன் சொல்றதை விடுங்க சார். ரோட்டுல பாத்துடலாம்" என்றார் சாலமன்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் இருவரும் மனைவியரோடு புறப்பட்டார்கள். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்ப வேண்டும். வேகம் எண்பதைத் தாண்டக் கூடாது. ஏசியை நிறுத்தக் கூடாது.

திண்டிவனத்தில் காபி குடிக்கும்போது ஒப்பிட்டார்கள். ஒரு யூனிட்டில் சாலமனின் கார் ஏழரை கிலோமீட்டர் ஓடியிருந்தது, அச்சுதனுடையது ஆறுதான். அச்சுதன் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

திரும்பும்போது, மதுராந்தகம் தாண்டியதும், சத்தமில்லாமல் ஏசியை அணைத்தான்.

"ஏசி ஓடலையா?" என்று கேட்டாள் அவன் மனைவி விஷ்ணுப்ரியா.

"ஓடுது. வெளியில வெயில் ஜாஸ்தி."

அவள் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

பின்னால் வந்த சாலமனின் காரும் நின்றது. விஷ்ணுப்ரியா இறங்கிப் போய் அதில் சாலமனின் மனைவி ஜாஸ்மின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "எங்க வண்டியில ஏசி ரிப்பேர்" என்று மட்டும் சொன்னாள்.

சாலமன் பதறி அச்சுதனிடம் ஓடி வந்தார். "அப்போ போட்டியெல்லாம் வேணாம் சார். ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு மெதுவா போங்க. நான் பின்னாடியே வர்றேன்."

சொன்னபடியே அவர் பின்னாலேயே வந்தார். அச்சுதனால் ஏசியைப் போட முடியவில்லை. செங்கல்பட்டும் மறைமலை நகரும் அனல்காற்றாய் முகத்தில் அடித்தன. தன் மனைவி தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் அவனை அதிகம் சுட்டது.

வீட்டு வாசலில் இறங்கியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. விஷ்ணுப்ரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"சாலமன் சார் உங்களுக்காக மெக்கானிக் நம்பர் தேடிட்டிருக்கார்."

அச்சுதன் தண்ணீரைக் குடித்து முடித்தான். குளிக்கக்கூடப் போகாமல் சாலமன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஏசிக்கு ஒண்ணும் இல்ல சார். நான்தான் ஆஃப் பண்ணேன்."

சாலமன் அவனையும் அவன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவை அகலத் திறந்தார்.

"முதல்ல உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க சார்."