ஐந்து எழுத்தும் ஓர் ஈயும்

ஏசி மெக்கானிக்குக்கு வாயைத் திறந்து பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டே ஒரு பொய்யை எட்டு மாதம் வளர்த்துவிட்டார்.

மகளுக்குக் கல்யாணமான கையோடு சம்பந்தி இரண்டு வீட்டாரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். சம்பந்தி ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார். பள்ளிக்கூடம் அவரை விட்டாலும் அவர் பள்ளிக்கூடத்தை விடுவதாக இல்லை. தினமும் காலை ஏழு மணிக்குக் குழுவில் ஒரு புதிர் வந்து விழும். ஆங்கில வார்த்தை, ஐந்து எழுத்து, இன்னின்ன எழுத்து உள்ளே இருக்க வேண்டும்.

முதல் நாள் அதை மெக்கானிக் சமையலறையில் உரக்கப் படித்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே பதிலைச் சொன்னாள். அவர் அதை அப்படியே தட்டி அனுப்பினார். 'சம்பந்தி, நீங்க இவ்வளவு பெரிய கில்லாடியா!' என்று வாத்தியார் எழுதினார். இல்லை, சொன்னது என் வீட்டுக்காரி என்று எழுதத்தான் மெக்கானிக் விரலை வைத்தார், சத்தியமாக. அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா கைதட்டினார், அத்தை கைதட்டினாள், முகம் தெரியாத யார் யாரோ கைதட்டினார்கள். பத்தாவதில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த மனுஷன். ஆங்கிலத்துக்காக அவரை யாரும் அதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. விரல் அப்படியே நின்றுவிட்டது.

மனைவிக்கு இதெல்லாம் ஒரு வித்தையே இல்லை. இருபது வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறாள். டாக்டர் சீட்டில் முதல் எழுத்து தெரியும், கடைசி எழுத்து தெரியும், நடுவில் ஒரு மண்புழு நெளிந்து போயிருக்கும். அதைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பழகியவளுக்கு வாத்தியாரின் புதிர் எம்மாத்திரம்?

"சரியா வந்துச்சா?" என்று கேட்பாள்.

"ம், சரிதானாம்" என்பார். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் குழுவில் நடந்ததில் அந்த 'ம், சரிதானாம்' மட்டுமே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு புதன்கிழமை மண் விழுந்தது. 'ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன் சம்பந்தி, நேர்லயே ஒரு கை பார்த்துடுவோம்' என்று வாத்தியார் எழுதியிருந்தார்.

"போச்சு, பதிலெல்லாம் நானே சொல்றதாத்தான் அங்க எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க. என் மானம் கப்பலேறப் போகுது. பொண்ணு வாழற வீட்ல நான் எப்படித் தலை நிமிர்வேன்?" என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் வழியும் அவளே சொன்னாள். "நம்ம வாயில சும்மா வர்றதுல பாதி இங்கிலீஷ் எழுத்துதாங்க. ஆச்சரியப்பட்டா ஓ. சந்தோஷம்னா ஐ. அசிங்கம்னா சீ. குடிக்கறது டீ. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீங்க முதல் எழுத்தை மட்டும் பிடிச்சுக்குங்க."

"ஏ வந்தா?"

"ஏங்கன்னு கூப்பிடுவேன். ஏ இல்லாத வார்த்தைன்னா அன்னைக்குப் பூரா உங்களைக் கூப்பிடவே மாட்டேன்."

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து அவள் "ஓ" என்றபோது, மெக்கானிக் மோட்டாரை நிறுத்தாமல் காகிதத்தில் ஓ எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தார். சோபாவில் உட்கார்ந்த கையோடு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சுலபமானதுதான் சம்பந்தி. அஞ்சு எழுத்து. T-ல ஆரம்பிக்கணும், C-ல முடியணும். உள்ள O-வும் N-ம் கண்டிப்பா இருக்கணும்."

மெக்கானிக் மோட்டுவளையைப் பார்த்தார். சமையலறையில் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. தினமும் காலையில் அவளே இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்து அவர் குடிக்கிற சாமான்தான். டானிக்.

"டீ ரெடி!" என்று தட்டோடு வந்தாள்.

மெக்கானிக் T எழுதினார்.

"ஓ, சம்பந்தி சர்க்கரை போட்டுக்க மாட்டீங்கல்ல?"

O எழுதினார்.

"என் கை சுடுது, எடுத்துக்குங்க."

N எழுதினார். வாத்தியார் கோப்பையைக் கையில் வாங்கினார். அடுத்தது ஐ. வாத்தியாரின் சட்டையைப் பார்த்து 'ஐ, நல்ல கலரா இருக்கே' என்று சொல்வதற்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஈ!"

மெக்கானிக் E எழுதினார். கடைசி எழுத்தை வாத்தியாரே கொடுத்துவிட்டார். மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். "டோனெக்!"

"டோனெக்கா?" கோப்பை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. "அப்படி ஒரு வார்த்தையே கிடையாதே சம்பந்தி."

"ஈ-ங்க, ஈ!" என்று மனைவி பதறினாள்.

"அதான் நானும் சொல்றேன், E தான்! T, O, N, E, C! நல்லா யோசிச்சுப் பாருங்க சம்பந்தி."

வாத்தியார் யோசித்தபடியே கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்.

"ஐயோ, பறக்கற ஈங்க! சம்பந்தி டீயில விழுந்து கிடக்கு, குடிச்சிடாதீங்க! வார்த்தையில வர்றது ஐ! டானிக், டானிக்!"

அவ்வளவுதான். வாத்தியார் கோப்பைக்குள் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். கடைசியாக மெக்கானிக்கைப் பார்த்தார். முப்பது வருஷம் காப்பியடித்தவர்களைப் பிடித்த கண் அது.

"நான் ஒண்ணுகூடச் சொன்னதில்லைங்க" என்றார் மெக்கானிக். "எட்டு மாசமா எல்லாம் இவ சொன்னதுதான். இங்கிலீஷ்ல நான் வாங்கினது பதினாலு மார்க்."

"பதினாலு வாங்கற பசங்களைத்தான் நான் காலம்பூரா பார்த்திருக்கேனே. ஆனா அதுல ஒருத்தனும் டோனெக்னு இவ்வளவு தைரியமா சொன்னதில்ல" என்று வாத்தியார் சிரித்தார். அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிரிப்பு அடங்கியதும் வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்களைத் தோக்கடிக்கணும்னு ராத்திரியெல்லாம் அகராதியைப் புரட்டியிருக்கேன். நான் தினமும் பக்கம் பக்கமா புகழ்ந்து எழுதினதெல்லாம் உங்களுக்குத்தானா? படிச்சீங்களா?"

"என்ன எழுதினீங்க?" என்று அவள் கேட்டாள்.

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினார்.

வாத்தியார் வேறு டீ குடித்துவிட்டு, இனிமேல் பதில் சம்பந்தியம்மா பேரில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மெக்கானிக் கோப்பைகளைக் கழுவிவைத்துவிட்டு வந்தபோது அவள் சோபாவிலேயே இருந்தாள். முதல் நாளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள்.

"இதையெல்லாம் ஏன் என்கிட்ட காட்டல?"

"காட்டினா, என் பேரை ஏன் போடலன்னு கேப்பியோன்னு பயந்துட்டேன்."

"கேட்டிருக்க மாட்டேன்" என்றாள், கண்ணை எடுக்காமல். "தினமும் படிச்சுட்டு வேலைக்குப் போயிருப்பேன்."