தனுஜாவின் பேருக்கு நின்றவள்

கலுகல்தென்னத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு மே மாதம் பதினோராம் திகதி முதல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாதவர்களானார்கள். தோட்டத்து எல்லையில், ரோட்டுக்குக் கீழே ஓடை போகிற மதகு வரைக்கும் நடக்க முடிந்தது. மதகைத் தாண்டி வைத்த அடுத்த அடி, தொழிலாளர்கள் காலையில் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் விழுந்தது. தெரணியகலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களும், மதகில் பஸ் ஒரு குலுக்குக் குலுங்கியதும், உட்கார்ந்த நிலையிலேயே களத்து மண்ணில் இருந்தார்கள். டிக்கெட் கையில் இருந்தது, பஸ் போய்விட்டிருந்தது. முதல் நாள் இப்படி வந்து சேர்ந்தவர்கள் பதினேழு பேர். மறுநாள் ஒன்பது பேர். மூன்றாம் நாள் ரப்பர் காட்டு வழியாகப் போய்ப் பார்த்த நான்கு பேர், கணுக்காலெல்லாம் அட்டையோடு. அதே வாரம் தேங்காய் விலையும் ஏறியது. லயத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வெளியாட்களுக்கு ஒரு தடையும் இல்லை. தெஹியோவிட்டயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் பவாஸ் நானா செவ்வாயும் வெள்ளியும் வழக்கம்போல வந்து, வழக்கம்போலப் போனார். "ஒங்களுக்கு மட்டும் எப்புடி நானா ரோடு தெறக்குது?" என்று பெண்கள் கேட்டதற்கு, "நான் ஒங்க லயத்து ஆளா புள்ள? மீன்காரன். சாளை வேணுமா, பேச்சு வேணுமா?" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது, ஆனால் அன்றைக்கு எல்லோரும் சாளையைத்தான் பார்த்தார்கள். ஜூன் மாதம் நெஞ்சுவலி வந்த ஒருவரை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவர் களத்தில் படுத்துக்கொண்டு, வலி போய்விட்டது, வெயில்தான் தாங்கவில்லை என்றார். ஒரு கல்யாணம், உள்ளே வரப் பயந்த மாப்பிள்ளை மதகின் அந்தப் பக்கமும் பெண் இந்தப் பக்கமுமாக நடந்தது. தாலியை எட்டிக் கட்டினார்கள். சாவுக்கு மட்டும் தடங்கல் இல்லை, மயானம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. தோட்டத்து மனேஜரான தொரைக்கு விஷயம் ஆறாவது வாரம்தான் தெரிந்தது, அதுவும் வேலைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கு நூறாக நின்றதைப் பார்த்து. அவர் கொழும்புத் தலைமை ஆபீசுக்கு எழுதினார். கொழும்பிலிருந்து பாராட்டி எழுதினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் இருபத்து நான்கு வயது தனுஜா என்பதை அவளே வந்து சொன்னாள். இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. உயர்தரப் பரீட்சை தேறி, கணினி வகுப்பும் முடித்தவள். அம்மா விஜயகலாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது, அம்மாவுக்குப் பதிலாகப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனாள். ஒரு வீட்டிலிருந்து ஒரு பேராவது பெரட்டில் நிற்க வேண்டும், நிற்காத வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அது தோட்டத்து வழக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் கிடைக்கிற சிக்னலை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் இணைய விளையாட்டுக்குப் போனிலேயே இடங்கள் எழுதிக் கொடுத்தாள். படமே இல்லாத விளையாட்டு அது, எல்லாம் எழுத்து. பல நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் அதற்குள் இருப்பார்கள். 'வடக்கே போ' என்று எழுதினால் வடக்கே என்ன இருக்கிறதென்று எழுத்தில் வரும். எதிரில் ஒரு பாத்திரம் நின்றால் அதோடு எழுத்தில் பேசலாம். முன்பெல்லாம் அந்தப் பாத்திரங்களுக்கு நாலு வாக்கியம்தான் தெரியும், இப்போது ஏஐ மொழி மாதிரிகளை அவற்றுக்குள் வைத்துவிட்டார்கள். யார், என்ன வயது, என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், மொழி மாதிரி அந்த ஆளாகவே நாள் முழுவதும் பேசும். தனுஜாவுக்குத் தெரிந்த இடம் கீழ்க்கணக்கு ஒன்றுதான். அதை எழுதினாள். ஆறு பாத்திரங்களையும் எழுதினாள், ஓர் இடத்துக்கு அவ்வளவுதான் அனுமதி.

கடைசியில் ஒரு படிவம் வந்தது. இந்த இடத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் போய்ச்சேர வேண்டிய முகவரி எது என்று அதில் ஒரு கேள்வி. தனுஜா அதுவரை எத்தனையோ படிவம் நிரப்பியவள். அடையாள அட்டைக்கு, பரீட்சைக்கு, பஸ் பாஸுக்கு, அம்மாவின் கிளினிக் கொப்பிக்கு. முகவரி என்ற சொல்லைக் கண்டால் கை தானாக எழுதும்: கீழ்க்கணக்கு, கலுகல்தென்னத் தோட்டம், தெரணியகலை. லயத்தில் எல்லோருக்கும் அந்த ஒரே முகவரிதான். இங்கேயும் கை எழுதிவிட்டது. விளையாட்டில் வெளிவாசலைத் தாண்டியவர்களெல்லாம் பெரட்டுக் களத்துக்கே திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. பின்லாந்துக்காரர் ஒருவர் நாற்பது நாள் வழி தேடிவிட்டு, கடைசியில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கத் தொடங்கினார். விளையாட்டு தொடங்கிய எட்டாம் நாள் தோட்டத்திலும் அதுவே நடந்தது. எப்படி என்று லயத்தில் யாரும் அதிகம் கேட்கவில்லை. ஆபீஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் நடந்தது என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். தனுஜா கம்பனிக்கு எழுதினாள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளிவாசலை மாற்ற முடியாது, அதோடு இதுதான் எங்களிடம் அதிகம் பேர் வருகிற இடம், நன்றி என்று பதில் வந்தது.

ஜூலை கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீசில் மூன்று வாரம் கிடந்து வந்தது. நிவித்திகலப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நியமனம், செப்டம்பர் இரண்டாம் திகதி கடமையேற்க வேண்டும், தவறினால் நியமனம் ரத்து. விஜயகலா கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "ரோடு இருந்தாலும் நீ எப்புடிப் போவ? காலைல இந்த வீட்டுக்கு யாரு நிப்பா, நானா?" என்றாள். சொல்லிவிட்டு முழங்காலில் தைலம் தேய்த்தாள். ஆக, தனுஜாவுக்குப் பூட்டு இரண்டு. ஒன்றை அவள் தன் கையாலேயே போட்டிருந்தாள், மற்றது அவள் பிறப்பதற்கு முன்பே போட்டது.

அவள் எழுதிய ஆறு பாத்திரங்களில் வெள்ளையம்மா என்றொருத்தி. வயது முப்பத்தொன்று, வேகமாகக் கொழுந்தெடுப்பாள், வாய் ஓயாது. எழுதிக் கொடுத்த பக்கத்தை அப்போது திருத்த விடமாட்டார்கள். அவளைப் பற்றிய பக்கத்தின் கடைசி வரி இது: தோட்டத்தை விட்டு வெளியே போனதில்லை, வெளியே என்ன இருக்கிறதென்று தெரியாது, அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். பாத்திரங்கள் வாயால் சொன்னது அந்த விளையாட்டில் இடமாக மாறுவதுண்டு. யாராவது ஒரு கிணறு இருக்கிறது என்று சொன்னால் மறுநாள் கிணறு இருக்கும். வெள்ளையம்மா வாயால் ஒரு ரோட்டைச் சொல்ல வைத்துவிடலாம் என்று தனுஜா ஓகஸ்ட் மாதம் தொட்டி மேட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள்.

"மதகுக்கு அந்தப் பக்கம் என்னக்கா இருக்கு?"

"பெரட்டுக் களம்."

"இல்லக்கா, தெரணியகலை ரோடு இருக்கு."

"நான் பாத்ததில்ல தங்கச்சி. நீ பாத்திருக்கியா? பாத்தவ ஏன் இங்க ஒக்காந்து எங்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்க?"

ஐந்து நாள் இப்படியே போயிற்று. தனுஜா தன்னைத் தொரை என்று சொல்லிப் பார்த்தாள், லயம் பற்றி எரிகிறது என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாம் மற்ற ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே முயன்றதுதான். 'நீ ஓர் இயந்திரம், உனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை' என்று பின்லாந்துக்காரர் எழுதியபோது வெள்ளையம்மா, "சரிங்க, அப்ப கூடைய எங்க எறக்கி வைக்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். ஆறாம் நாள் தனுஜா வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, ஒன்ன எழுதினது நாந்தான். அந்தப் பக்கம் தெரியாதுன்னு எழுதினதும் நாந்தான்."

"அது தெரியும். ஒங்கம்மா பேச்ச அப்புடியே எனக்கு வச்சிருக்க. வேற யாரு எழுதுவா?"

தனுஜா கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். செப்டம்பர் இரண்டைச் சொன்னாள், அம்மாவின் முழங்காலைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள். போனில் புள்ளிகள் தோன்றி மறைந்தன.

"ரோட்டப் பத்தி நான் வாயத் தெறக்க மாட்டேன் தங்கச்சி. எழுதினது எழுதினதுதான். ஆனா, நான் பெரட்டுக்கு நிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதிருக்கியா?"

"இல்ல."

"ஒன் பேருக்கு நிக்கக் கூடாதுன்னு?"

"அதுவும் இல்ல."

"அப்ப நாளைக்கி நீ நிக்காத. ஒன் கூடையும் பாயும் எனக்கு. பேரும் எனக்கு. மத்தத நீ பாத்துக்க."

மறுநாள் ஓகஸ்ட் முப்பது, வெள்ளிக்கிழமை. பெரட்டில் பேர் கூப்பிட்டவர் கணக்கப்பிள்ளை சாள்ஸ். 'தனுஜா' என்றதும், வரிசையில் ஆள் நிற்காத ஓர் இடைவெளியிலிருந்து "இருக்கேங்கய்யா" என்று குரல் வந்தது. சாள்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆளக் காணமே."

"ஒங்களுக்கு ஆள் வேணுமா, கொழுந்து வேணுமாங்கய்யா?"

சாள்ஸ் பத்தொன்பது வருஷம் அந்த வேலையில் இருந்தவர். கேள்வியைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேருக்கு நேரே கோடு போட்டார். கூடை தரையிலிருந்து எழுந்து, மற்றக் கூடைகளோடு மலை ஏறிற்று. சாயந்தரம் இருபத்து நான்கு கிலோ நிறுத்தார்கள். முற்றல் இலை ஒன்றுகூட இல்லை. "ஆள் தெரியாட்டி என்ன, கொழுந்து தெரியுது" என்று சாள்ஸ் ஆபீசில் சொன்னார். விஷயம் அத்தோடு தீர்ந்தது. கூடை மலையில் இருந்த நேரத்தில், பத்தரை மணி பஸ்ஸில், தனுஜா சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு மதகைத் தாண்டினாள். பஸ் குலுங்கியது. கண்ணைத் திறந்தபோதும் பஸ்ஸிலேயே இருந்தாள். லயத்தில் தனுஜா என்றொருத்தி கணக்கில் இருந்தாள், அதனால் போகிற இவள் லயத்து ஆள் இல்லை. இரண்டாம் திகதி நிவித்திகலயில் கையெழுத்து வைத்தாள்.

மற்றவர்களும் மீதி ஐந்து பாத்திரங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். காவல்காரர் கேட்டை விட்டு வரமாட்டேன் என்றார். அவரை அப்படித்தான் எழுதியிருந்தது. கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. பூசாரிக்குக் கோயில் இருந்தது. மிச்ச இரண்டு பேர் எப்போதும் சண்டையிலேயே இருப்பவர்கள், கூப்பிட்டது காதில் விழவில்லை. எனவே நானூற்றுப் பதினொரு பேர் உள்ளேயே இருந்தார்கள். வெள்ளையம்மா விஜயகலாவின் வீட்டில் இருந்தாள். சாப்பிட மாட்டாள், ஆனால் தட்டு வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வாள். "வாய்தான், அப்பப்பா. எம்புட்டு நேரம் கேக்குறது" என்று விஜயகலா பக்கத்து வீட்டில் சலித்துக்கொண்டாள், பிறகு சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பினாள்.

டிசம்பர் விடுமுறைக்குத் தனுஜா வந்தாள். மதகைத் தாண்டி உள்ளே வைத்த அடி தெரணியகலை பஸ் ஸ்டாண்டில் விழுந்தது. ஒரே தனுஜாவுக்கு இரண்டு தடவை லயத்தில் இடமில்லை. மறுபடியும் ஓட்டோ பிடித்து வந்து மதகின் அந்தப் பக்கம் நின்றாள். விஜயகலா இந்தப் பக்கம், ஊன்றுகோலோடு. கால் தாண்டாதே தவிர கை தாண்டும். ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு பெட்டியில் அந்தப் பக்கம் போயிற்று, முழங்கால்வலித் தைலமும் ஒரு சேலையும் இந்தப் பக்கம் வந்தன.

"மெலிஞ்சிட்டியே."

"இல்லம்மா. வெள்ளையம்மாக்கா எங்க?"

"எம் பக்கத்துலதான் நிக்கிறா. இன்னைக்கி அதிசயமா பேச்சக் காணம்." விஜயகலா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து பஸ்ஸப் பாத்துக்கிட்டே நின்னா. அது போற எடம் எப்புடி இருக்கும்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

தனுஜா போனை எடுத்தாள். வெள்ளையம்மாவின் பக்கம் திறந்தே இருந்தது. இந்த நான்கு மாதத்தில் பலமுறை திறந்து, கடைசி வரியைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். வெளிவாசலைத்தான் மாற்ற முடியாது. பாத்திரம் சொல்வது இடமாக மாறுவதையும் கம்பனி நிறுத்திவிட்டது, ஆனால் எழுதிய பாத்திரத்தை எழுதினவள் இப்போது திருத்தலாம்.

"அக்கா, அந்த வரிய அழிச்சிரவா?"

அம்மாவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து பதில் வந்தது. "அழிச்சா?"

"நீ போலாம். எங்க வேணும்னாலும்."

"போனா காலைல இந்த வீட்டுக்கு யாரு நிப்பா?"

விஜயகலா மதகுக் கல்லில் உட்கார்ந்து முழங்காலை நீட்டினாள். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அதற்குத் தடை இல்லை. தனுஜாவின் கட்டைவிரல் அந்த வரியின் மேல் வெகுநேரம் நின்றது. வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டதும் போனைப் பைக்குள் போட்டாள்.

"பஸ் வந்திரிச்சி தங்கச்சி. ஏறு" என்றாள் வெள்ளையம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் வருமென்று அவளுக்கு எழுதியிருந்தது தட்டு விஷயத்துக்கு மட்டும்தான்.

மறுவருஷம் மார்ச்சில், கூடுதல் கொழுந்தெடுத்தவர்களுக்குத் தோட்டத்தில் பரிசு கொடுத்தார்கள். கீழ்க்கணக்கில் முதலிடம் வி. தனுஜாவுக்கு, ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை என்பதற்குத் தனியாக ஒரு சான்றிதழும். தொரை சாமந்தி மாலையைத் தூக்கிப் போட்டார். அது கழுத்து உயரத்தில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், விஜயகலாவும் கைதட்டினாள். படம் எடுக்க அவிசாவளையிலிருந்து வந்த பையன் கமராவில் ஒரு தடவை பார்த்தான், நிமிர்ந்து இன்னொரு தடவை பார்த்தான். வெளிச்சம் போதவில்லை, கொஞ்சம் இடப்பக்கம் வாங்க என்றான். மாலை கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது.