கரகோஷம் வானைப் பிளந்தது

ரத்தோட்டைக் கடைவீதியில் நடப்பதெல்லாம் நடப்பதற்கு முன்பே பத்திரிகைக்குப் போய்விடும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. கொழும்புப் பத்திரிகைக்கான செய்திப் பை மத்தியான பஸ்ஸில் மாத்தளைக்குப் போய் அங்கே ரயில் ஏற வேண்டும். ஊரில் கூட்டம், திறப்பு விழா என்றால் பின்னேரம் நாலு மணிக்குத்தான். கூட்டத்துக்காக பஸ் நிற்காது; பஸ்ஸுக்காக எந்தப் பிரமுகரும் வெயிலில் வரமாட்டார். ஆகவே நிருபர் பலீல் அழைப்பிதழை முன்னால் வைத்துக்கொண்டு காலையிலேயே எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிடுவார். தலைவர் தலைமை தாங்குவார், பிரதம விருந்தினர் நாடா வெட்டுவார், நன்றியுரை முடிந்து சனம் கலைந்தும் போய்விடும். அதற்குப் பிறகு பலீல் கடைக்கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவார்.

யட்டவத்தையில் நடந்த கால்பந்துப் போட்டியைக்கூட அவர் இப்படித்தான் எழுதினார். "இரு அணியினரும் திறமையாக ஆடினர். வெற்றி பெற்ற அணிக்குக் கிண்ணம் வழங்கப்பட்டது." ஒரு சொல் பிழை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பலீல் நிருபர் மட்டுமல்ல, பத்திரிகை ஏஜண்டும் அவர்தான். செய்தியில் எத்தனை பேருடைய பெயர் வருகிறதோ அத்தனை பிரதி கூடுதலாக விற்கும். அதனால் அவருடைய செய்திகளில் மாலை போட்டவர், மாலையைத் தட்டில் ஏந்தி வந்தவர், தட்டை இரவல் கொடுத்தவர் எல்லாரும் இருப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ஜுனைதா செய்தி எழுதப் பழக வந்து சேர்ந்தாள்.

ஜுனைதா மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஸக்கரியாவின் மகள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். போனவள் டீச்சராவதற்குப் படித்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். இவள் பத்திரிகைத் துறைப் பாடத்தை எடுத்துவிட்டாள். பேப்பர் வாசிப்பதற்கு எதற்கு யுனிவர்சிட்டி என்று மாமிமார் கேட்டார்கள். வாப்பா மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு விடுமுறை அது. விரிவுரையாளர் சுந்தரலிங்கத்தின் உத்தரவு தெளிவாக இருந்தது. ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் சொந்த ஊர் நிருபரிடம் வேலை பழக வேண்டும். தன் பெயருடன் ஒரு செய்தியாவது அச்சில் வர வேண்டும். நிருபர் கையொப்பமிட்டுச் சான்று தர வேண்டும். சுந்தரலிங்கம் பத்திரிகையில் வேலை செய்தவர் அல்ல. ஆனால் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் விரல்விட்டுச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

முதல் நாளே ஜுனைதா கேட்டுவிட்டாள்.

"பலீல் நானா, இன்னும் நடக்காத கூட்டத்த நடந்ததுன்னு எழுதுறீங்களே. இது பொய் இல்லியா?"

பலீலுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வருவதே இல்லை, அதுதான் ஜுனைதாவுக்கு எரிச்சல்.

"நாளைக்கே வந்தாத்தான் புள்ள அது செய்தி. நாளண்டைக்கு வந்தா அது சரித்திரம். சரித்திரம் எழுதுறதுக்கு வேற ஆள் ஈக்காங்க."

இரண்டாம் வாரத்தில் ஓர் அழைப்பிதழ் வந்தது. ரிவர்ஸ்டன் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள், கொழும்புக் கம்பனியின் டைரக்டர் ஒருவர் வந்து திறந்துவைக்கிறார், பின்னேரம் நாலு மணி. பலீல் அதை ஜுனைதாவிடம் நீட்டி, இதை நீயே எழுது, கை பழகட்டும் என்றார்.

எழுதமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். பிறகு வேறு யோசனை வந்தது. இந்த மனிதருடைய எழுத்து எவ்வளவு அபத்தம் என்று இவருக்கே காட்டிவிடுவோம் என்று நினைத்தாள். உட்கார்ந்து, கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கும்படி எழுதினாள். "மலையக மாந்தரின் நெடுநாள் தாகம் நேற்றுடன் தீர்ந்தது. பிரதம விருந்தினர் தமது பொற்கரங்களால் குழாயைத் திறந்ததும் பளிங்கு நீர் பாய்ந்தோடியது. தாய்மார் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். தொழிலாளரின் கரகோஷம் வானைப் பிளந்தது." இதை வாசித்தால் யாருக்கும் வெட்கம் வரும் என்பது அவள் கணக்கு. தாளை மேசையில் வைத்துவிட்டு, நான் நேரில் போய்ப் பார்த்து எழுதப்போகிறேன் என்று தோட்டத்துக்கு பஸ் ஏறினாள்.

பலீல் தாளை வாசித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் தனக்கு 'பளிங்கு நீர்' என்று ஒரு முறைகூட வரவில்லையே என்று நினைத்தார். கீழே 'ரத்தோட்டையிலிருந்து ஜுனைதா ஸக்கரியா' என்று அழகாக எழுதி, உறையில் போட்டு, பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

தோட்டத்தில் நாடா கட்டியிருந்தது. வாழைமரம் கட்டியிருந்தது. லயத்துக் கோடியில் சிமெந்துத் தூண் ஒன்றில் பித்தளைக் குழாய் பளபளவென்று இருந்தது. டைரக்டர் மட்டும் வரவில்லை. மேலே மண் சரிந்து பாதை அடைபட்டதால் கார் பாதி வழியில் திரும்பிவிட்டது. அவர் வந்திருந்தாலும் தண்ணீர் வந்திராது. ஊற்றிலிருந்து வரும் இரும்புக் குழாய், பாறைக்கு அந்தப் பக்கமே அறுந்துபோன வாக்கியம்போல நின்றிருந்தது. மிச்சக் குழாய் கம்பனியிலிருந்து வரவேண்டும் என்று பெரிய கிளாக்கர் மாணிக்கவாசகம் சொன்னார். வடை வந்திருந்தது. சனம் வடையைத் தின்றுவிட்டு, பனி இறங்குவதற்குள் வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை பத்திரிகையில் தாகம் தீர்ந்திருந்தது.

ஜுனைதா கடைக்குள் புகுந்து கத்தியதைக் கடைவீதி முழுக்கக் கேட்டது. அது நையாண்டி என்று அவள் விளக்கினாள். பலீல் பொறுமையாகக் கேட்டார். ஒரு வரியைக்கூடத் தான் மாற்றவில்லை என்றும், கொழும்பில்கூட மாற்றவில்லை என்றும், தனக்கு அங்கே இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை என்றும் சொன்னார். ஜுனைதா உண்மையில் நடந்ததை இன்னொரு செய்தியாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பலீல் அதையும் அனுப்பிவைத்தார். அது வரவில்லை. திறக்காத குழாய்கள் நாடு முழுக்க இருக்கின்றன, எல்லாவற்றையும் போட இடம் எங்கே என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது.

அதோடு போயிருந்தால் அவள் தன்மானம் மட்டும்தான் கெட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலம்மா வந்தாள்.

வேலம்மா அந்த மேல் லயத்துக் கொழுந்துக்காரி. சந்தைக்கு வந்தவள் பலீலின் கடை வாசலில் நின்று, இடுப்பிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்து விரித்தாள்.

"இத எழுதின தங்கச்சி நீங்கதானுங்களே?"

ஜுனைதா ஆம் என்றாள்.

"இந்தத் தண்ணி எங்க ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. கொடத்தோட போயிர்றோம்."

அவள் சிரிக்கவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னாள். லயத்தாருக்கு இதுவரை தண்ணீர் தந்தது பழைய பீலி. ஊற்று நீர் தகரக் கால்வாயில் வந்து விழும் இடம். புதுக் குழாய் திறந்த நாளிலிருந்து பீலித் தண்ணீரை ஃபாக்டரிக்குத் திருப்புவது என்று ஏற்கெனவே பேசி முடிவாகியிருந்தது. பத்திரிகையில் திறந்தாகிவிட்டது என்று வந்ததும் கிளாக்கர் செய்தியை வெட்டிக் கம்பனிக்கு அனுப்பினார். வேலை முடிந்ததற்கு அத்தாட்சி என்று கம்பனி அதை ஏற்றுக்கொண்டது. முடிந்த வேலைக்கு யாரும் மேலும் குழாய் அனுப்புவதில்லை. பீலியையும் ஃபாக்டரிக்குத் திருப்பிவிட்டார்கள். இப்போது பெண்கள் விடிகாலையில் கீழே ஆற்றுக்கு இறங்கி ஏறிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போகிறார்கள். பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை.

"கிளாக்கரையா கிட்டப் போயி தண்ணி வரலீங்கன்னேன். பேப்பர எடுத்துக் காட்டுறாரு. நான் அழுதேனாம், ஆனந்தமா. எனக்கே தெரியாது பாருங்க."

ஜுனைதாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கோபப்படுவதற்கு எப்போதும் அவளுக்கு ஓர் ஆள் கிடைப்பார். இன்றைக்குத் தேடிப் பார்த்தபோது தன் பெயர்தான் அச்சில் கிடைத்தது.

வேலம்மா போனபின் பலீலிடம் மறுப்புப் போடச் சொன்னாள். பலீல் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். மறுப்புப் போட்டால் செய்தி பொய் என்றாகும், பொய்ச் செய்திக்கு எப்படிச் சான்று எழுதிக் கையொப்பமிடுவது, இவள் பரீட்சை என்னாகும்?

"போடாதீங்க."

"எனத்தப் போட வாணாம்? மறுப்பயா, கையெழுத்தயா?"

"கையெழுத்த."

பலீல் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு, மறுப்பைக் கொழும்பில் எப்படியும் போடமாட்டார்கள், நடக்காததை அவர்கள் செய்தியாக எடுப்பதில்லை என்றார். இதைச் சொன்னது பலீல் என்பதை அவர் கவனிக்கவில்லை. ஜுனைதா கவனித்தாள். அப்படியானால் ஏதாவது நடக்க வேண்டும். நடக்கும் முன்பே எழுதி அனுப்புவதற்கு நாட்டிலேயே சிறந்த ஏற்பாடு இந்தக் கடையில் இருக்கிறது.

மறுநாள் மேல் லயத்துக்குப் போனாள். வேலம்மாவின் வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். வெறுங்குடத்தோடு ஆபீஸுக்குப் போவது என்று அவர்களே ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள், துணிச்சல்தான் வரவில்லை. ஜுனைதா, நீங்கள் போகும் நாளில் நான் காலையிலேயே எழுதி அனுப்பிவிடுகிறேன், மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும், தோட்டத்துத் துரையால் மறைக்க முடியாது என்றாள். யாருடைய பெயரையும் போடமாட்டேன், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

நல்லம்மா என்றொருத்தி, பெயர் இல்லாமல் வந்தால் கிளாக்கர் யார் யார் என்று விசாரித்துக் கடைசியில் வேலம்மாவை மட்டும் பிடிப்பார் என்றாள்.

வேலம்மா தலையை ஆட்டினாள். "எல்லார் பேரையும் போடுங்க தங்கச்சி. ஒருத்திய வெரட்டலாம். லயத்தையே வெரட்டிப்புட்டா கொழுந்த யாரு எடுக்கிறது, அவரா?"

"பேர் போட்டா நீங்க கட்டாயம் வரணும். வராட்டி நான் ரெண்டாவது தடவயும் பொய் சொன்னவளாகிடுவேன்."

"மொத தடவ எங்களக் கேக்காம அழவச்சீங்க. இந்தத் தடவ கேட்டுட்டுத்தானே செய்றீங்க. வர்றோம்."

செவ்வாய்க்கிழமை காலை ஜுனைதா எழுதினாள். பளிங்கும் இல்லை, பொற்கரமும் இல்லை. இன்ன தோட்டம், இன்ன லயம், குழாயில் தண்ணீர் இல்லை, பீலி திருப்பப்பட்டது, பெண்கள் நேற்றுப் பின்னேரம் வெறுங்குடங்களுடன் ஆபீஸ் முன் திரண்டனர், முன்னர் வந்த செய்தி தவறு. பிறகு பெயர்கள். பலீல் வாசித்து, செய்தி வறட்சியாக இருக்கிறது என்றார். பெயர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இத்தனை பெயரை ஒரே செய்தியில் அவர்கூடக் கண்டதில்லை. 'முன்னர் வந்த செய்தி தவறு' என்ற வரியில் பென்சிலை வைத்தார், எடுத்தார், வைத்தார். கடைசியில் வெட்டவில்லை. பை பஸ்ஸில் போனது.

நாலு மணிக்கு ஜுனைதா தோட்ட ஆபீஸ் முன்னால் நின்றாள். யாரும் இல்லை. ரிவர்ஸ்டன் பக்கமிருந்து பனி இறங்கி முற்றத்தை மூடியது. செய்தி இந்நேரம் மாத்தளை தாண்டியிருக்கும். ரயிலைத் திருப்பி அழைக்க முடியாது. லயத்திலிருந்து வரும் பாதையை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பலீல் நானாவுக்கு இத்தனை வருடத்தில் இந்தக் கலக்கம் ஒரு நாளும் வந்திருக்காது. அவர்தான் போய்ப் பார்ப்பதில்லையே.

கிளாக்கர் மாணிக்கவாசகம் ஜன்னலால் எட்டிப் பார்த்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். செய்திக்காக என்றாள்.

கொழுந்தை எடைபோட்டு முடியப் பிந்திவிட்டது, அவ்வளவுதான். பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது குடங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம். பிறகு வேலம்மா, பிறகு நல்லம்மா, பிறகு எழுதிய பெயர்கள் எல்லாம். எழுதாத பெயர்களும் சில வந்தன. யாரும் கத்தவில்லை. ஆபீஸ் படிகளில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். படி தெரியாமல் போனதால் கிளாக்கர் பின்வாசலால் வீட்டுக்குப் போனார்.

செய்தி வந்தது. மேல் லயத்தில் அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகை வாங்கினார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பெயர் எந்த இடம் என்று கேட்டு விரல் வைத்துப் பார்த்தார்கள். பலீல் மேலதிகப் பிரதி வரவழைத்தார். கொழும்புக் கம்பனியில் ஒரே குழாயைப் பற்றி இரண்டு அத்தாட்சிகள் சேர்ந்துவிட்டன. இரண்டும் ஒரே ஆள் எழுதியது. மிச்சக் குழாய் அடுத்த வாரமே லொறியில் வந்து இறங்கியது. யாரையும் வேலையால் நிறுத்தவில்லை. நிறுத்துவதானால் அந்தப் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும், அது ஏற்கெனவே நாடறிய அச்சில் இருந்தது.

சான்றிதழில் பலீல் கையொப்பமிட்டார். இரண்டு செய்திகளையும் ஜுனைதா ஒட்டி அனுப்பினாள். சுந்தரலிங்கம் முதலாவதற்கு நல்ல புள்ளி போட்டு, 'நேரில் கண்டதுபோன்ற விவரணை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டாவதில் பெயர்கள் அதிகம் என்று எழுதியிருந்தார்.

குழாய் பூட்டிய அன்று விழா இல்லை. அது ஏற்கெனவே திறந்த குழாய், மறுபடி எப்படித் திறப்பது என்று கம்பனி கேட்டது. அழைப்பிதழ் இல்லாததால் பலீலுக்குச் செய்தியும் இல்லை. ஜுனைதா மட்டும் போயிருந்தாள். குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகுதான் தண்ணீர் வந்தது. பளிங்கு என்று சொல்ல முடியாது. பெண்கள் வரிசையில் நின்று பிடித்தார்கள். பிந்தி வந்தவள் வரிசைக்குள் நுழைந்ததில் ஒரு சண்டை வந்து ஓய்ந்தது.

வேலம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஜுனைதாவிடம் வந்தாள்.

"அன்னைக்குக் கைதட்டினோம்னு போட்டிருந்தீங்களே தங்கச்சி. அது இன்னும் பாக்கி நிக்குது. இப்பத் தட்டணுமுங்களா?"

ஜுனைதா அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தாள்.

"கொடத்தக் கீழ வச்சிட்டா தட்டணும்?"

"பின்ன?"

"வேணாம். வீட்டுக்குக் கொண்டு போங்க."