அத்தையின் சாப்பாட்டு ஜெபம்

என் மாமியார் அமிர்தவள்ளி யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார். சாப்பாட்டுக்கு முந்தைய ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கவேண்டியதுதான், குறுக்கே பேசமுடியாது. கல்யாணமானதிலிருந்து அதில் எனக்கென்று ஒரு பங்கு உண்டு: "மருமகளோட அடைபட்ட கர்ப்பத்தத் திறந்தருளும் ஆண்டவரே."

குறை என்னிடம் இல்லை. வேலூரில் செய்த பரிசோதனை என் கணவர் ஆல்வினைத்தான் காட்டியது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு லைன் ஆட்களையே அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், அன்றைக்கு பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். பாவம் பார்த்துச் சரி என்றேன். இப்போது எரிச்சல்தான் மிச்சம்.

அந்த எரிச்சலை எழுதிவிட்டேன். ஞாயிறு மதியம் வருகிற 'நாத்தனார் நகர்' காமெடி தொடருக்கு வீட்டிலிருந்தே வசனம் எழுதுகிறேன். ஆல்வினுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிறவள். ஒரு காட்சியில் உறவுக்காரர்கள் நிறைந்த விருந்தில் கணவன் எழுந்து, குறை எனக்கு, அவளை விடுங்கள் என்கிறான். காமெடி ஆயிற்றே, உட்காரும்போது நாற்காலி உடைந்து விழவும் வைத்தேன்.

அந்தக் காட்சி என் நாத்தனார் மேகலாவுடைய குழந்தையின் ஞானஸ்நான விருந்தன்றா வந்து தொலையவேண்டும்? ராணிப்பேட்டைச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில். பிரியாணி தம்மில் இருந்ததால் டிவியைப் போட்டார்கள். ரிமோட்டைத் தேடினேன், மாமனார் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். டிவியில் கணவன் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தான், நாற்காலி உடைந்தது. கூடமே சிரித்தது. இந்த மாதிரி ஆம்பளை டிவியில்தான் இருப்பான் என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆல்வின் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார்.

"என் கஷ்டம் உனக்கு காமெடியா?"

"நான் தெனம் படறது மட்டும் இன்னா?"

கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். ஜாஸ்தியாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

இலை போட்டுப் பிரியாணியும் கத்திரிக்காயும் வைத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். மாமியார் பேரக்குழந்தைக்கு நன்றி சொன்னார், மாப்பிள்ளை குடிப்பதைக் கொஞ்சம் சொன்னார், பிறகு என்னிடம் வந்தார்.

"மருமகளோட அடைபட்ட..."

"ம்மா." ஆல்வினின் குரல். "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. குறை எனக்குத்தான். ஜெபம் பண்றதுன்னா எனக்குப் பண்ணு."

ஜெபம் அப்படியே நின்றுவிட்டது. முடித்துவைக்க வேண்டிய மாமியாருக்கு வாய் எழவில்லை. அதனால் கண்ணைத் திறக்க யாருக்கும் தைரியமில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் திறந்தேன். ஆல்வின் கண்ணை இறுக மூடி, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமென்," என்றேன்.