பாறுக்குஞ்சுக்கும் ஒரு பங்கு

மூன்று பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து ஒரே முடிவுக்குக் கொண்டுவருவதைவிட, கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பது சுலபம். நான் கால்நடை மருத்துவர். சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் நான்தான். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் ஆள் பிரத்யுஷா. பாறுக்கழுகுகளை ஆராய்ச்சி செய்கிறவள். ஊரில் அதைப் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். அப்படிச் சொன்னால் அவள் முகம் வாடிவிடும். செத்த விலங்குகளைத் தின்று காட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பறவை அது. மிஞ்சியிருப்பதே கொஞ்சம், அதற்கும் சரியாகத் தீனி கிடைப்பதில்லை. ஊரில் சாகும் மாடுகளைப் புதைக்காமல் காட்டோரப் பாறையில் போட அனுமதி வேண்டும் என்று நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆள் வனத்துறை ரேஞ்சர் திருமலைசாமி. நல்ல மனிதர்தான், கையெழுத்து என்றால் மட்டும் பேனா எழுதாது. அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. டைக்ளோஃபினாக் என்றொரு வலி ஊசி. மனிதர்களுக்குப் போடுவார்கள், மாடுகளுக்குப் போடத் தடை. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறுகள் தின்றால் கூட்டத்தோடு செத்துவிழும்.

"ஊசி போட்டிருந்தா வாயத் திறந்து சொல்லுவாங்களாங்க டாக்டரம்மா? டெஸ்டுக்கு அனுப்பிச்சு ரிசல்ட் வர்றதுக்குள்ள மாடு புழுத்துப்போயிரும். இவங்க வார்த்தைய நம்பி நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே சொன்னார். அந்தக் கூட்டங்களில் உருப்படியாக இருந்தது டீ மட்டும்தான்.

மூன்றாவது, ஊர். ஊர் என்றால் பழனியாத்தாள் என்றே வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் எழுந்து பேசியது அவள் ஒருத்திதான். "பால் குடுத்த சீவனை மஞ்சத்தண்ணி தெளிச்சு மண்ணுக்குள்ள வெக்கறது எங்க வழக்கமுங்க. பாறை மேல கிழிக்கப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்து சோறு திங்க முடியுமாங்க?" பிரத்யுஷா கொண்டுவந்த கழுகுப் படங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் பழனியாத்தாளின் மாடு பள்ளத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது. பேர் பாப்பா. பல்லெல்லாம் தேய்ந்துபோன கிழட்டுப் பாப்பா. பேர் வைத்த மகள் கல்யாணமாகிப் போத்தனூருக்குப் போய்விட்டாள், பேர் மட்டும் தொழுவத்தில் தங்கிவிட்டது. இனி எழுந்து நிற்காது என்று பார்த்ததுமே தெரிந்தது. கழுகுகளுக்குக் கெடுதல் செய்யாத வலிமருந்தைப் போட்டேன். பழனியாத்தாளின் கணவர் அங்கப்பன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இது பத்தலீங்க டாக்டரம்மா" என்றார்.

"போடற மருந்து இதுதானுங்க. வேற ஊசி எதையும் கிட்டக் கொண்டுவராதீங்க" என்று அதட்டிவிட்டு வந்தேன். நான் அதட்டாமல் பேசினால் ஊரில் யாரும் கேட்பதில்லை.

பிரத்யுஷா தினமும் அங்கே போனாள். கழுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈ ஓட்டினாள், வைக்கோல் பரப்பினாள், புண் வராமல் மாட்டைப் புரட்டிப் படுக்கவைக்க அங்கப்பனோடு சேர்ந்து கைகொடுத்தாள். ஒருநாள் பழனியாத்தாளே கேட்டாள்.

"ஏங் கண்ணு, உன்ற பறவைக்கு இப்பக் குஞ்சு இருக்குதா?"

"இருக்குங்க அக்கா. வருசத்துக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க பொரிக்கும்."

பழனியாத்தாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்பப் பாப்பாவை நீயே கொண்டுபோ. இத்தன வருசம் எங்களுக்குக் குடுத்தா. அந்தக் குஞ்சுக்கும் குடுத்துட்டுப் போகட்டும்."

இதைக் கேட்டபின் நான் சும்மா இருப்பேனா? ரேஞ்சரைப் போய்ப் பிடித்துக்கொண்டேன். நான் வைத்தியம் பார்த்த மாடு, நானே சான்றிதழ் தருகிறேன் என்றேன். கடைசியில் இறங்கிவந்தார். இந்த ஒரு மாட்டுக்கு மட்டும் அனுமதி. ஒரு பறவைக்கு ஏதாவது ஆனாலும் இனி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

பாப்பா ஒரு காலையில் செத்துப்போனது. டிராக்டர் வந்தது, ரேஞ்சரே ஜீப்பில் வந்தார். பழனியாத்தாள் மஞ்சள்தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து, நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தாள். ஆட்கள் கயிற்றைப் பிடித்தபோது அங்கப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாமுங்க. பொதச்சுப்போடலாமுங்க."

"நானே மனசத் தேத்திக்கிட்டேன், நீங்க எதுக்குங்க இப்பத் தடுக்கறீங்க?" என்றாள் பழனியாத்தாள்.

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "மெடிக்கல்ல எனக்குன்னு சொல்லி வாங்கினேனுங்க. நேத்துப் போட்டுப்போட்டேன். அது மொனகறதக் கேட்டுட்டு இருக்க முடியலீங்க."

வாங்கிப் பார்த்தேன். அதே டைக்ளோஃபினாக்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை கூட்டம், எத்தனை கெஞ்சல், போதாக்குறைக்கு என் சான்றிதழ் வேறு! திட்ட வாயெடுத்தவள், இரவெல்லாம் தொழுவத்தில் கிடந்த வைக்கோல் அவர் சட்டையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பழனியாத்தாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு கேட்டாள். "போட்டதுக்கப்பறம் தூங்குச்சாங்க?"

"தூங்குச்சு. நல்லாத் தூங்குச்சு."

"அப்பச் செரி" என்றவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பிரத்யுஷா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கெடுத்துப்போட்டேன் அம்மிணி" என்றார் அவர். இல்லை இல்லை என்று அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

நான் ரேஞ்சரைப் பார்க்கவே பயந்தேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்பார், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கப்பனிடம் வந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சே இருக்காதுங்களே. பின்ன எதுக்குங்க சொன்னீங்க?"

அங்கப்பனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "சொல்லாம எப்படிங்க? அங்க குஞ்சு இருக்குதுங்களே" என்றார்.

ரேஞ்சர் தொப்பியை ஜீப்புக்குள் போட்டார். பிறகு டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னார். வேலியோரத்தில் குழி வெட்டத் தொடங்கினோம். வெட்டும்போதே என் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, இனிமே மாடு செத்தா மொதல்ல இவரு போய் விசாரிக்கட்டுமுங்க. இவரு செரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஒரு வருஷமாக நான் தொண்டை வற்றக் கேட்டது அந்தக் கையெழுத்தைத்தான். அங்கப்பன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குழிக்குள் இறங்கி, பாப்பாவின் தலை வரும் இடத்தில் கல் ஏதும் உறுத்துமா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.