நிர்வாகம் ஊதிய மெழுகுவர்த்தி

நீலசந்திரா அர்ஜுனனின் நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் தூசு படிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். தூசே கிடையாது என்றது அவர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துவந்த கம்பெனி. நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு முதல் நாள், அவர் சுகமாக இருப்பதை வீடியோவில் காட்டுவதற்காக அவருக்கே ஒரு பாராட்டு விழா எடுத்தது.

மைசூர் பேட்டா என்னும் தலைப்பாகை, சால்வை, பழத்தட்டு எல்லாம் வந்தன. பேட்டா கனத்தாலும் அர்ஜுனன் பெருமையில் மெல்ல மிதந்தார். மேலிருந்து தூவிய மல்லிகை இதழ்கள், ஷீட் அறுக்கும்போது வெயிலில் இறங்குமே வெண்தூசு, அதைப் போலவே இறங்கின. அந்தத் தூசும் அழகாகத்தான் இருந்தது.

"நம்ம ஷெட் காத்து, நந்தி மலைக் காத்து!" என்று முழங்கிய மேனேஜர் பாலகுமார் மெழுகுவர்த்தி ஏற்றிய கேக்கை அவர் முன் நகர்த்தினார். "ஊதுங்கண்ணா!"

அர்ஜுனன் ஊதினார். சுடர் தலையைக்கூட ஆட்டவில்லை. மறுபடி ஊதினார். கனவில் ஓடுகிறவனின் கால்போல மூச்சு இருந்த இடத்திலேயே நின்றது.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பாலகுமார் சிரித்தபடி குனிந்து தானே ஊதி அணைத்தார். பலத்த கைதட்டல்.

அர்ஜுனனின் மனைவி அம்புஜம் எழுந்தாள்.

"நாளைக்கு இந்த வீடியோவோட நீங்களும் கோர்ட்டுக்கு வந்துடுங்க சார். ஜட்ஜ் ஊதச் சொன்னா, இவருக்குப் பதிலா ஊத ஆள் வேணுமில்ல?"