ஏழாவது கூடையின் இடப்பக்கம்

கம்பத்தில் மாட்டிய சங்கிலிக் கூடைக்குள் தட்டெறிவது எங்கள் ஆட்டம். குளிர்கால விடுமுறைக்கு எந்த மைதானத்தில் ஆடுவது என்பதை எங்கள் மூவரில் ஒருவர் முறைவைத்துச் சொல்வோம். மற்ற இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. போன வருடம் ரெய்யோவின் முறை. ஸ்பெயினுக்கு இழுத்துப் போனான். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. எறிந்த தட்டுகளில் பாதி கடலுக்குப் போயின. இந்த வருடம் இர்யாவின் முறை. எங்கள் கயானி ஊரில் அறுபது தாண்டிய பெண்களில் அவளைப்போலத் தட்டெறிய ஆளில்லை. அதனால் நல்ல இடமாகத்தான் சொல்வாள் என்று நம்பினோம்.

பெட்ரோல் பங்க் காபிக்கடையில் உட்கார்ந்து, "கோர்ப்பிவாரா" என்றாள்.

ரெய்யோ போனை எடுத்துத் தேடினான். "யம்மா தாயே, ஒம்பதே கூடை. பள்ளிக்கூடத்துப் பின்னாடி. அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டிருக்காங்க. ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு, 'வண்டி நிறுத்த இடம் தாராளமா இருக்கு'ன்னு. அவ்வளவுதான் அந்த ஊருக்குப் பெருமை!"

"என் முறை" என்றாள் இர்யா.

"மறக்க முடியாத மைதானமா இருக்கணும்னுதானே பேச்சு?"

"மறக்க மாட்டே. காபியைக் குடி."

எனக்குக் காரணம் தெரியும். ரெய்யோவுக்கும் தெரியும், தெரியாததுபோல வம்பு பேசுவது அவன் சுபாவம். கோர்ப்பிவாராவில் இர்யாவின் மகன் இல்க்கா இருக்கிறான். புருஷன் ஏரோ இறந்த வருடமே ஏரிக்கரைக் குடிலை இவள் மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டாள். அப்பாவோடு சேர்ந்து கட்டிய குடில் அது. "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். ஐந்து வருடமாகிறது. பண்ணாதே என்றவன்தான் பண்ண வேண்டும் என்று இவள். பண்ணாதே என்றதும் ஒரேயடியாக விட்டுவிட்டாளே என்று அவன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிடிவாதங்கள். எனக்கு இருவர் மேலும் எரிச்சல்தான்.

பிப்ரவரியில் போனோம். முந்தின நாள் புதுப்பனி கொட்டியிருந்தது. மைதானத்தைப் பற்றி அந்த ஆள் எழுதியது சரி, வண்டியைத் தாராளமாக நிறுத்தினோம். மேடு கிடையாது, தண்ணீர் கிடையாது, நாலு பிர்ச் மரமும் ஒரு மின்மாற்றியும்தான். முதல் ஆறு கூடைகளிலும் இர்யா எங்களைவிட நன்றாகவே ஆடினாள்.

ஏழாவது கூடைக்கு எறியும் மேடையில் நின்றபோது கையுறையைக் கழற்றினாள். கூடை நேர் எதிரே, குழந்தைகூட அந்தப் பக்கமாகத்தான் எறியும். இடது புறம் வேலியைத் தாண்டி ஒரு மஞ்சள் வீடு, முற்றத்தில் நீராவிக் குளியலுக்கான சிறிய சவுனா, அதற்குப் போகும் பாதையில் மட்டும் பனி தள்ளியிருந்தது. சவுனாவின் புகைபோக்கியில் புகை வந்தது.

இர்யா எறிந்தாள். தட்டு வேலியைத் தாண்டி முற்றத்தில் இறங்கி, பனிக்குள் போய் மறைந்தது. பனியின் மேலே ஒரு கீறல்கூட இல்லை.

"அடி, ரிப்பன் கட்டலையா?" என்றான் ரெய்யோ.

பனியில் ஆடும்போது தட்டின் பின்னால் நீளமாக ரிப்பன் ஒட்டிக்கொள்வோம். தட்டு புதைந்தாலும் ரிப்பன் வெளியே கிடக்கும். அது இல்லாவிட்டால் பனி உருகும்வரை தட்டு போனது போனதுதான். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே இவள்.

அதற்குள் இன்னொன்றை எடுத்து எறிந்தாள். அதுவும் அதே முற்றம், அதே பனி. அதிலும் ரிப்பன் இல்லை.

"நான் போய் இல்க்கா வீட்டுக் கதவைத் தட்டட்டா?" என்றேன்.

"வேண்டாம், ஆர்வோ."

"இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

மூன்றாவது தட்டை எடுத்தாள். இந்த முறை தாழ்வாக, வேகமாக எறிந்தாள். தட்டு சவுனாவின் பலகைச் சுவரில் மோதி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். பிறகு பனி தள்ளிய பாதையில் விழுந்து கிடந்தது. சவுனா ஜன்னலுக்குள் ஒரு தலை அசைந்தது. யாரும் வெளியே வரவில்லை.

"ஆட்டத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் எட்டாவது கூடைக்கு நடந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தட்டின் அடியில் பெயரும் போன் நம்பரும் எழுதியிருப்போம். அடுத்தவன் தட்டைக் கண்டெடுத்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பகையாளியின் தட்டானாலும் அப்படித்தான். சொல்லாதவனோடு யாரும் ஆட மாட்டார்கள். இல்க்காவுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததும் இர்யாதான். அவன் கூப்பிட்டால் அவன் இறங்கிவந்ததாக ஆகாது. இவளும் கூப்பிட்டதாக ஆகாது. கெட்டிக்காரிதான். ஆனால் அவன் எடுக்காமல் விட்டால் அதற்குமேல் இவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

எட்டாவது கூடையை முடித்தோம். போன் அடிக்கவில்லை. இர்யா ஒரு கை தூரத்திலிருந்து போட வேண்டியதைத் தவறவிட்டாள், தட்டு சங்கிலியில் பட்டுக் கீழே விழுந்தது. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

ஒன்பதாவது மேடையில் போன் அடித்தது. விரல் விறைத்துப்போய் அவளால் அழுத்த முடியவில்லை. நான் அழுத்தி அவள் காதில் வைத்தேன். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. பின்னாடி இந்த நம்பர் எழுதியிருக்கு."

"ஆமா. என்னோடதுதான்."



"இன்னும் ரெண்டு விழுந்துச்சு போல. ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

"ரிப்பன் கட்ட மறந்துட்டேன்."

"நீயா மறந்தே?"

"ஆமா, நான்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏப்ரல்ல பனி உருகினா தானா கிடைக்கும். எடுத்து வை. அவசரமில்லே."

"ஏப்ரல் வரைக்கும் எதுக்கும்மா? எங்கிட்ட மண்வெட்டி ரெண்டு இருக்கு" என்றான் அவன்.

அவள் போனை என் கையிலேயே விட்டுவிட்டு, முழங்கால் ஆழப் பனியில் குறுக்கே அந்த மஞ்சள் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.